நோட்டுப் புத்தகமா, பிரவுசரா, கீபாஸா? பல்கலைக்கழக பாஸ்வேர்டை எங்கே வைப்பது

2024 டிசம்பர் வரை இந்தக் கேள்வியே எனக்கு எழவில்லை. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபின், சாத்தனூர் அணைத் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணை பெருகியதில் கடலூரில் எங்கள் வீட்டுக்குள்ளும் வெள்ளம் வந்தது. கீழ்த்தட்டில் இருந்த போனும் நோட்டும் ஒன்றாக நனைந்தன.

நோட்டில் ஜெல் பேனாவால் எழுதிய பாஸ்வேர்டு வெறும் நீலக் கறை. பிரவுசரில் சேமித்தது கூகுள் கணக்கில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் நுழைய ஒப்புதல் தர வேண்டியது அந்த நனைந்த போன். சரி, புதிதாகவே மாற்றிவிடலாம் என்று சிம்மைத் தம்பியின் போனில் போட்டேன். ஓடிபி வரவில்லை. பல்கலைக்கழகக் கணக்கில் இருந்தது சேர்ந்த வருடம் கொடுத்த பழைய எண்! கடைசியில் அடையாள அட்டையோடு கணினி மையத்துக்கு நேரில் போனேன். (உங்கள் கணக்கில் எந்த எண் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள்.)

லேப் கம்ப்யூட்டரில் சேமிக்கக் கூடாது, ஒரே பாஸ்வேர்டை எல்லா இடத்துக்கும் வைக்கக் கூடாது என்பதெல்லாம் தெரிந்த கதை. என் கேள்வி ஒன்றுதான்: போன் போனால், திரும்ப உள்ளே நுழைய எத்தனை நாள் ஆகும்?

அதனால்தான் கீபாஸ்எக்ஸ்சி என்ற பாஸ்வேர்டு மென்பொருளுக்கு மாறினேன். இலவசம். எல்லா பாஸ்வேர்டும் பூட்டிய ஒரே கோப்பில் இருக்கும். திறக்க இணையமும் வேண்டாம், ஓடிபியும் வேண்டாம். லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று என நகல் வைத்துக்கொள்ளலாம். இருபது எழுத்தில் தாறுமாறான பாஸ்வேர்டை அதுவே உருவாக்கித் தரும். கடலூர்@1, கடலூர்@2 என்று ஓட்ட வேண்டியதில்லை. எனக்கு மிகவும் உதவியது இன்னொன்று: மாற்றும்போது பழையதையும் வரலாற்றில் வைத்திருக்கும். மாற்றம் பாதியில் நின்றால், பழையதையும் போட்டுப் பார்க்கலாம்.

தொல்லையும் உண்டு. ஒரு நகலில் மாற்றினால் மற்றதிலும் நாமேதான் மாற்ற வேண்டும். நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன். ஆனால் அடிக்கடி மாற்ற வேண்டியதும் இல்லை. காரணமில்லாமல் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்க அரசின் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-லேயே சொல்லிவிட்டது. கசிந்ததாகத் தெரிந்தால் மட்டும் உடனே மாற்றுங்கள். மாற்றியதும் போனில் பல்கலைக்கழக வைஃபைக்குச் சேமித்ததையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் போன் பழையதையே திரும்பத் திரும்ப அனுப்பிக் கணக்கைப் பூட்ட வைத்துவிடலாம்.

பாஸ்வேர்டுகளை இணையத்தில் பூட்டி வைக்கும் பிட்வார்டன் செயலியை இரண்டு மாதம்தான் வைத்திருந்தேன். நகல் எடுக்கும் வேலை அதில் இல்லை. பல கருவி வைத்திருப்பவர்களுக்கு அதுவே வசதியாக இருக்கலாம். அதற்கு மேல் பேச எனக்கு அனுபவம் போதாது.

இரண்டிலுமே, எல்லாவற்றையும் திறக்கும் தலைமை பாஸ்வேர்டு மறந்தால் மென்பொருளை உருவாக்கியவர்களால்கூட மீட்டுத் தர முடியாது. என்னுடையதை ஒரு தாளில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, லாஸ்பேட்டையில் சித்தி வீட்டு மாடி பீரோவில் வைத்திருக்கிறேன். இந்த முறை பென்சிலில்.