ஆர்ச்சர் சி6 ரௌட்டர்: செட்டிங்ஸுக்காகவே வாங்கலாம்

டிபி-லிங்க்கின் ஆர்ச்சர் சி6 புது மாடல் ஒன்றும் இல்லை. வைஃபை 6 கிடையாது, யுஎஸ்பி போர்ட் கிடையாது. ஆனாலும் வீட்டுக்கு ஒரு ரௌட்டர் சொல்லுங்கள் என்று யார் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறேன், அதற்குக் காரணம் இதன் செட்டிங்ஸ் பக்கம். வேண்டியது எல்லாம் தேடாமல் கையில் கிடைக்கிறது, அரை மணி நேரம் உட்கார்ந்தால் பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு முயன்றாலும் உள்ளே வர முடியாதபடி பூட்டிவிடலாம்.

டெதர் என்று டிபி-லிங்க்கின் மொபைல் ஆப் இருக்கிறது, ஆரம்ப வேலைக்குச் சரி. மீதியை பிரவுசரில் 192.168.0.1 அடித்துச் செய்யுங்கள், எல்லா விருப்பங்களும் அங்கேதான் தெரியும். நுழைந்ததும் அட்மின் பாஸ்வேர்ட் ஒன்றை நீங்களே உருவாக்கச் சொல்லும். அதையும் வைஃபை பாஸ்வேர்டையும் ஒன்றாக வைக்காதீர்கள். வைஃபை பாஸ்வேர்டை விருந்தாளி, எலக்ட்ரீஷியன், டியூஷனுக்கு வரும் பிள்ளைகள் என்று பத்துப் பேருக்குக் கொடுத்திருப்போம், அதே பாஸ்வேர்டில் ரௌட்டரே திறந்தால் தளப் பெயருக்கு முகவரி தேடித் தரும் டிஎன்எஸ்ஸை மாற்றி உங்களைப் போலித் தளங்களுக்குத் திருப்பிவிட முடியும்.

அடுத்து அட்வான்ஸ்டு, வயர்லெஸ், அதற்குள் டபிள்யூபிஎஸ், அதாவது பாஸ்வேர்ட் அடிக்காமலே சாதனங்களை இணைக்கிற வசதி. இதை அணைத்துவிடுங்கள். பட்டனை அமுக்கி இணைக்கிற வசதி நல்லதுதான், சிக்கல் அதனுடன் வரும் எட்டு இலக்க பின் நம்பரில் இருக்கிறது. கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது, மீதியையும் முதல் நான்கு, அடுத்த மூன்று என்று தனித்தனியாகத்தான் சரிபார்க்கிறது, ஆகவே கோடிக்கணக்கில் முயல வேண்டிய இடத்தில் அதிகபட்சம் 11,000 முயற்சி போதும் என்று 2011-லேயே வெளியே வந்துவிட்டது. பல ரௌட்டர்களில் அதன் பிறகு தடுப்பு வைத்திருக்கிறார்கள், இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவை கூட அமுக்காத பட்டனுக்காக எதற்கு ஒரு கதவைத் திறந்து வைப்பது?

செக்யூரிட்டியில் வைஃபையைப் பூட்டும் முறையாக டபிள்யூபிஏ2, தகவலை மறைகுறியாக்க ஏஇஎஸ் தேர்ந்தெடுங்கள், பழைய, பலவீனமான டிகேஐபி பக்கமே போகாதீர்கள். உங்கள் பதிப்பில் அதற்கு அடுத்த தலைமுறையான டபிள்யூபிஏ3 இருந்தால் இரண்டும் கலந்த மோடைப் போடுங்கள், தனி டபிள்யூபிஏ3 வைத்தால் பழைய லேப்டாப், ஸ்மார்ட் பிளக் எல்லாம் இணையாமல் அடம்பிடிக்கும். டபிள்யூபிஏ2-வில் ஒரு போன் இணைகிற நேரத்து சிக்னலைப் பிடித்துக்கொண்டு போய், வீட்டில் சாவகாசமாக உட்கார்ந்து பாஸ்வேர்டை ஊகிக்கலாம், டபிள்யூபிஏ3 அதற்கு இடம் கொடுக்காது. கலந்த மோடில் பழைய வழியும் இருக்கும் என்பதால் பாஸ்வேர்ட் நீளமாக இருந்தே ஆக வேண்டும். 63 எழுத்து வரை வைக்கலாம். போன் நம்பர் வேண்டவே வேண்டாம், பத்தும் இலக்கங்கள் என்பதால் கணினிக்கு அது சும்மா. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் சேர்த்து அடியுங்கள், பாட்டிக்குக் கூட மறக்காது.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது விருந்தாளிகளுக்கான தனி வைஃபை, அதாவது கெஸ்ட் நெட்வொர்க். இரண்டு டிக் பெட்டிகள் இருக்கும்: விருந்தாளிகள் ஒருவரையொருவர் பார்க்கலாமா, உங்கள் வீட்டு நெட்வொர்க்குக்குள் வரலாமா. இரண்டையும் காலியாக விடுங்கள். மலிவான ஸ்மார்ட் பல்பு, பிளக் எல்லாவற்றையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கெஸ்ட்டில் தள்ளிவிட்டால் அவை உங்கள் கம்ப்யூட்டரை எட்டிப் பார்க்காது. டிவியை மட்டும் அங்கே போடாதீர்கள், போனிலிருந்து காஸ்ட் செய்ய முடியாமல் போகும். அப்புறம், பிளக்கை முதல்முறை இணைக்கும்போது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் பேண்டுகள் இரண்டையும் ஒரே பெயரில் காட்டும் ஸ்மார்ட் கனெக்ட் போட்டிருந்தால் அணைத்துவிடுங்கள், அந்தச் சாதனங்கள் பெரும்பாலும் 2.4-ஐ மட்டும்தான் அறியும், இரண்டு பேண்டும் ஒரே பெயரில் இருந்தால் திணறும்.

அபார்ட்மெண்டில் இருப்பவர்கள் 2.4-இல் சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் வைத்து, 1, 6, 11 ஆகிய மூன்று சேனல்களில் கூட்டம் குறைந்ததை எடுங்கள். 5 கிகாஹெர்ட்ஸ் ஒரே அறையில் அருமை, இரண்டு கான்கிரீட் சுவர் தாண்டினால் படுத்துவிடும்.

முக்கியமான ஒன்று. ஃபைபர் கம்பெனி கொடுத்த பெட்டியிலும் வைஃபை இருந்தால் அதை அணையுங்கள். அந்தப் பெட்டி பழைய பாஸ்வேர்டோடு ஓடிக்கொண்டிருந்தால் மேலே சொன்ன பூட்டு அத்தனையும் வீண். முடிந்தால் அந்தப் பெட்டியை, ரௌட்டர் வேலையை விட்டு இணையத்தை மட்டும் கடத்தும் பிரிட்ஜ் மோடுக்கு மாற்றச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரண்டு பெட்டியும் தனித்தனியே முகவரி மாற்றம் செய்யும் நேட் மேல் நேட் ஆகி கேமும் சிசிடிவியும் தொல்லை கொடுக்கும். சி6-ஐ, ரௌட்டர் வேலை செய்யாமல் வைஃபை மட்டும் கொடுக்கும் ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டும் இதைத் தவிர்க்கலாம், ஆனால் பேரன்டல் கன்ட்ரோல் போன்றவை அதில் வேலை செய்யாது.

ரௌட்டருக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேருக்கு அப்டேட் வந்திருக்கிறதா என்று அவ்வப்போது பாருங்கள். டிபி-லிங்க் தளத்திலிருந்து இறக்கினால் அடியில் ஒட்டியுள்ள லேபிளில் இருக்கும் பதிப்பு எண்ணுக்கானதையே இறக்குங்கள்.

வேகம்? காகிதத்தில் 5 கிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ், 2.4-இல் 300, போர்ட்கள் எல்லாம் கிகாபிட். 100, 200 எம்பிபிஎஸ் பிளான் வைத்திருக்கும் இரண்டு பெட்ரூம் வீட்டுக்குத் தாராளம். மாடி வீடு, 500-க்கு மேல் பிளான் என்றால் இதில் பணம் போடாதீர்கள், பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக வேலை செய்யும் வைஃபை 6 மெஷ் செட்டாகவே பாருங்கள்.