பக்கூனினா, குரோபொட்கினா: யாரிடமிருந்து தொடங்குவது?

அரசு இல்லாமல் மக்கள் தாமே கூடி வாழலாம் என்னும் அரசின்மைவாதத்தை எந்தச் சிந்தனையாளரிடமிருந்து வாசிக்கத் தொடங்குவது என்று எங்கள் வாசிப்பு வட்டத்தில் மூன்று கிழமை பேசினோம். நான் ரஷ்யரான குரோபொட்கினுக்குக் கை உயர்த்தினேன். புரூதோன், பக்கூனின் இருவரையும் படித்துவிட்டுத்தான்.

சொத்து என்பது களவு என்று 1840இல் எழுதியவர் பிரெஞ்சுக்காரரான புரூதோன். வட்டி மிகக் குறைந்த கடனுக்காக 1849இல் மக்கள் வங்கி தொடங்கினார். அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட, சில மாதங்களிலேயே அது மூடப்பட்டது. நுண்கடன் தவணை நாளை நினைத்துப் பயப்படும் பெண்கள் இருக்கிற திருகோணமலையில் அந்த எண்ணம் இன்றும் தைக்கிறது. ஆனால் பெண்ணுக்கு வீடுதான் இடம் என்று எழுதியவரும் அவரே. வட்டத்தில் பாதிப்பேர் பெண்கள். அவரை முதலில் வைக்க மனம் வரவில்லை.

இன்னொரு ரஷ்யரான பக்கூனின் கூர்மையானவர். 1872இல் ஹேக் மாநாட்டில் மார்க்ஸ் தரப்பு அவரைப் பல நாட்டுத் தொழிலாளர் அமைப்பான முதலாம் அகிலத்திலிருந்து வெளியேற்றியது. ஆட்சியில் அமரும் தொழிலாளி அதன் பிறகு தொழிலாளியாக இருக்கமாட்டான், மற்றவர்களை மேலிருந்துதான் பார்ப்பான் என்று அடுத்த ஆண்டே எழுதினார். சோதனைச்சாவடிகளில் வரிசையில் நின்று வளர்ந்த எங்களுக்கு அதிகாரத்தைப் பற்றி அவர் சொல்வதை யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் இடித்த பிறகு மறுநாள் யார் உலை வைப்பது என்ற கேள்விக்கு அவரிடம் எனக்குக் கிடைத்தது கொஞ்சம்தான்.

என் முடிவைத் தீர்மானித்தது அந்தக் கேள்விதான். உதவி செய்வது ஒரு நாள் காரியம். அதை விடாமல் நடத்துவதுதான் பாடு.

குரோபொட்கின் 1902இல் வெளியிட்ட 'பரஸ்பர உதவி' நூலில் இங்கிலாந்தின் கென்ட் கரையில் நடந்த ஒன்றைச் சொல்கிறார். தோடம்பழம் ஏற்றிய சிறு கப்பல் பனிப்புயலில் தரைதட்டுகிறது. போவது மடத்தனம் என்று கரையில் நின்ற எல்லோருக்கும் தெரியும். ஒரு பையனின் குரல் கேட்டதுபோல் இருந்ததும் பொறுக்க முடியாமல் படகை இறக்குகிறார்கள். 2004 டிசம்பர் 26ஐக் கண்ட எங்களுக்கு அந்தக் கரை அந்நியமில்லை. ஆனால் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறு: அப்படிப்பட்ட படகுகளை வைத்திருந்த உயிர்காப்புப் படகுச் சங்கம் மக்கள் விரும்பிக் கொடுத்த பணத்திலும் ஊர்த் தொண்டர்களின் கையிலும் நடந்தது. படகைப் பழுதுபார்க்க, துடுப்பு மாற்ற, ஆள் சேர்க்க யாரோ விடாமல் பாடுபட்டார்கள்.

எங்கள் ஒழுங்கையின் மரண சகாயச் சங்கமும் அப்படித்தான். மாதச் சந்தா, கொட்டகை, கதிரைகள், ஒரு கணக்குக் கொப்பி. சுனாமிக்குப் பிறகு வந்த பல உதவிகள் திரும்பிப் போய்விட்டன, இது நிற்கிறது. கொப்பியை எழுதும் அக்கா சலித்துக்கொண்டே எழுதுகிறார், அப்புறம் சந்தா தராதவர் வீட்டுக்கும் கதிரை அனுப்புகிறார். அரசின்மைவாதம் என்றாலே அராஜகம், அடிதடி என்று நினைப்பவர்களுக்கு நான் அந்தக் கொப்பியைத்தான் காட்டுவேன்.

குரோபொட்கினிடமும் குறை உண்டு. 1916இல் முதலாம் உலகப் போரில் நேசநாடுகளை ஆதரித்துக் கையெழுத்திட்டார். இத்தாலிய அரசின்மைவாதி மலடெஸ்டா போன்ற தோழர்கள் அதைக் கண்டித்தார்கள், சரியாகவே. இன்னொரு சந்தேகமும் உண்டு: ஒழுங்கையின் ஐம்பது வீட்டுக்குச் சரிவருவது ஒரு மாவட்டத்தின் தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் சரிவருமா? நான் கண்டது ஒழுங்கை அளவுதான், அதற்கு மேல் அடித்துச் சொல்லமாட்டேன்.

வருகிற ஞாயிறு அந்தக் கென்ட் பக்கங்களைச் சத்தமாக வாசிக்கிறோம். கரைவலை இழுக்கிற இரண்டு அண்ணமார் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.