பெட்டியில் லினக்ஸ் சப்போர்ட், உள்ளே ஒரு ஜிப் ஃபைல்

மலிவாகக் கிடைத்ததே என்று வாங்கிய யூஎஸ்பி வைஃபை அடாப்டர். லினக்ஸில் ஓட வேண்டுமென்றால், ஜிப்பில் இருக்கும் கோடிலிருந்து டிரைவரை, அதாவது அடாப்டரை இயக்கும் மென்பொருளை, நாமே கம்பைல் செய்ய வேண்டும், செய்தேன், வேகம் நன்றாகவே இருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் 6.15 பதிப்பு வந்ததும் படுத்துவிட்டது: டிரைவர் கூப்பிடும் டெல்_டைமர் என்ற பழைய ஃபங்ஷனை நீக்கி, டைமர்_டிலீட் மட்டும்தான் என்று ஆக்கிவிட்டார்கள். லினக்ஸ் பழைய புரோகிராம்களை உடைக்காமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் கெர்னலுக்குள் டிரைவர்கள் கூப்பிடும் ஃபங்ஷன்களுக்கு அந்த உத்தரவாதமே கிடையாது, அது தெரிந்தே எடுத்த முடிவு. கெர்னலோடு சேர்ந்து வரும் டிரைவர்களை, மாற்றுகிறவர்களே திருத்திவிடுவார்கள், வெளியே இருப்பவை பாடு திண்டாட்டம். டிகேஎம்எஸ் என்ற கருவி, கெர்னல் மாறும்போதெல்லாம் டிரைவரைத் தானாக மறுபடி கம்பைல் செய்யும், சரி, கோடே பொருந்தாவிட்டால் அது என்ன செய்யும் பாவம்? கம்பெனிக்கு மெயில் போட்டேன், பதில் இல்லை. ஐந்துக்கு இரண்டு ஸ்டார், அதுவும் தம்பியின் விண்டோஸ் லேப்டாப்பில் ஓடுகிறது என்பதால்.