பிக்கப்ல கம்பெனி மியூசிக் செட்டைக் கழட்டி வேற மாட்டி மூணு வருஷம் ஆச்சு

2022 ஏப்ரல்ல மாத்துனேன், அதுக்கப்புறம் மட்டும் 68,000 கிலோமீட்டர் ஓடிருச்சு. மாத்துன மறுநாளே எழுதிருந்தா "சூப்பர், வேற லெவல்"னு நாலு வரில முடிச்சிருப்பேன், இவ்ளோ நாள் கழிச்சு எழுதுறதால சொல்ல வேண்டியதுல முக்காவாசி செட்டைப் பத்தி இல்ல, செட்டுக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற வயரைப் பத்தி.

வீடு போடில, பூப்பாறை பக்கம் ஏலத்தோட்டம், வாரத்துக்கு ரெண்டு தடவை போடிமெட்டு ஏறி இறங்கணும். வண்டி டபுள் கேப் பிக்கப், அதாவது முன்னாடி ரெண்டு வரிசை சீட்டு, பின்னாடி சாமான் ஏத்துற தொட்டி. கூட வந்த 7 இஞ்ச் செட்டுல பாட்டு கேக்கலாம், போன் பேசலாம், அவ்ளோதான். மேப் வேணும்னா போனை டேஷ்போர்டுல ஒட்ட வச்சு எட்டி எட்டிப் பாக்கணும், ரிவர்ஸ் போட்டா கேமரா படம் வர்றதுக்குள்ள வண்டி பாதி தூரம் பின்னாடி போயிருக்கும்.

கடைல முதல்ல காட்டுனது 9 இஞ்ச் ஆண்ட்ராய்டு செட். விலை பாதிதான், பாக்க டிவி மாதிரி பளபளன்னு இருந்துச்சு. ஆனா மச்சான் வண்டில அதைத்தான் மாட்டிருந்தான், அந்தக் கதை எனக்குத் தெரியும். சாவி போட்டதும் டக்குனு ஆன் ஆகணும்னு அது முழுசா ஆஃப் ஆகாம சும்மா தூங்கிட்டு இருக்கும், தூங்கும்போதும் கரண்ட் குடிக்கும். மீட்டர் வச்சுப் பாத்தப்ப வண்டியப் பூட்டி ஒரு மணி நேரம் ஆனப்புறமும் 300 மில்லிஆம்ப் ஓடிட்டே இருந்துச்சு. ஒரு நாளைக்கு 7 ஆம்பியர்-ஹவர் கணக்காகுது, மழைக்காலத்துல நான் வண்டிய பத்து நாள் தோட்டத்து ஷெட்லயே போட்டுட்டு வர்ற ஆளு, பேட்டரியே 70 சொச்சம்தான், அப்புறம் ரெண்டு டன் வண்டியத் தள்ள ஆள் தேடணும். அதனால போன் திரையை வயர் இல்லாம செட்டுல காட்டுற கார்பிளேயும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இருக்கிற ஜப்பான் கம்பெனி டபுள் டின் (பெரிய சைஸ்) செட் எடுத்தேன், இதுல மூளை நம்ம போன்தான், செட்டு வெறும் திரை மாதிரி. பூட்டுனப்புறம் 50 மில்லிஆம்ப்க்கு கீழதான் நிக்குது. செட் 38,000, சுத்தி வர்ற பிரேம், வயரைச் சொருகுற கப்ளர், கேன் பாக்ஸ் (இது என்னன்னு கீழ சொல்றேன்) எல்லாம் 7,500, மாட்டுன கூலி 1,500.

மாட்டுற அன்னிக்கு கூடவே நின்னேன், நின்னது நல்லதாப் போச்சு. பையன் கட்டிங் பிளேயரை எடுத்துட்டு வண்டி வயரை வெட்டப் போயிட்டான், கையப் புடிச்சு நிறுத்துனேன். வண்டி கப்ளர்ல புது கப்ளரை அப்படியே சொருகணும், ஒரு வயரக்கூட வெட்ட விடாதீங்க, நாளைக்கு வாரண்டின்னு போய் நின்னா முதல்ல அந்த டேப் சுத்துன இடத்தைத்தான் பாப்பாங்க.

இன்னொன்னு, பழைய அம்பாசடர் காலம் மாதிரி மஞ்சள் வயர் பேட்டரி, சிவப்பு சாவின்னு முறுக்கி விட்டா வேலை முடியாது. என் வண்டில ரேடியோ கப்ளர்ல சாவிக்குன்னு தனி வயரே இல்ல. சாவி போட்டது, ரிவர்ஸ் விழுந்தது, ஸ்டீயரிங் பட்டன் அமுக்குனது எல்லாமே கேன் பஸ்னு சொல்ற ரெண்டு வயர்ல செய்தியாத்தான் வருது. 1986-லயே பாஷ் கம்பெனிக்காரங்க கொண்டு வந்த சங்கதி, இப்ப எல்லா வண்டிலயும் அதான். தீப்பெட்டி சைஸ்ல ஒரு பாக்ஸ் அந்த செய்தியப் படிச்சு புது செட்டுக்குச் சொல்லும். கடைல கொடுத்த மலிவு பாக்ஸ் ஆறு மாசம்தான் தாங்குச்சு, ஒரு நாள் கொண்டை ஊசி வளைவுல சவுண்டு பட்டன் மாட்டிக்கிட்டு அதுவா ஏறிட்டே போகுது, பின்னாடி உக்காந்திருந்த தோட்டத்து அக்காங்க எல்லாம் காதைப் பொத்திக்கிட்டாங்க. அப்புறம் 4,000 ரூபா கொடுத்து வேற பாக்ஸ் போட்டேன், இன்னிக்கு வரைக்கும் அந்தப் பிரச்சனை வரல. செட்டுல மிச்சம் புடிங்க, பாக்ஸ்ல புடிக்காதீங்க.

கேமராவும் அப்படித்தான். கம்பெனி கேமராவுக்கு 6 வோல்ட்தான் போகணும், கடைல நேரா 12 வோல்ட் கொடுத்துட்டாங்க, ரெண்டு வாரம் பளிச்சுனு தெரிஞ்சுட்டு செத்துப் போச்சு. புதுசு ஒண்ணு மாட்டுனேன், படம் இப்ப ரிவர்ஸ் விழுந்த உடனே வருது.

எல்லாத்தையும் விட என்னைப் பாடாப் படுத்துனது எஃப்எம். தேனி மாவட்டத்துல கொடைக்கானல் எஃப்எம் 100.5 கரகரங்குதுன்னு சொன்னா எவனாச்சும் நம்புவானா, மலை தலைக்கு மேல நிக்குது. எனக்குக் கேக்கல. பழைய செட்டுல கணீர்னு கேட்டது, 38,000 ரூபா செட்டுல இஸ்ஸுனு இரையுது. ஜப்பான்காரன் டியூனர்ல காசு மிச்சம் புடிச்சுட்டான்னு எட்டு மாசம் அவனைத் திட்டிட்டு இருந்தேன். கடைசில நம்மூர் ஆட்டோ எலெக்ட்ரீசியன் அண்ணன்ட்ட வேற வேலையாப் போனப்ப சும்மா சொன்னேன், சிரிச்சாரு. "ஆண்டெனாவுக்கு சோறு போடாம பாடச் சொன்னா எப்படிப்பா பாடும்"னாரு. கூரைல இருக்கிற குட்டி ஆண்டெனாவுக்கு அடியில ஒரு ஆம்ப்ளிபயர் இருக்கு, பழைய செட்டு ஆண்டெனா கேபிள் வழியாவே அதுக்கு கரண்ட் அனுப்பிட்டு இருந்திருக்கு, புது செட்டுல அதுக்குன்னு இருக்கிற நீல வயரைக் கடைக்காரன் டேப் சுத்தி உள்ள சொருகி வச்சிருக்கான். 450 ரூபா ஆண்டெனா அடாப்டர், அரை மணி நேரம், முடிஞ்சது. எட்டு மாசம் திட்டு வாங்குன ஜப்பான்காரன்ட்ட மனசுக்குள்ள மன்னிப்பு கேட்டுக்கிட்டேன்.

சவுண்டு பத்தி ரொம்ப எதிர்பாக்காதீங்க. டப்பால 4x50 வாட்ஸ்னு போட்டிருக்கும், அது ஒரு நொடி உச்சம், தொடர்ந்து வர்றது சேனலுக்கு 20 சொச்சம்தான். செட்டு மட்டும் மாத்துனப்ப கொஞ்சம் தெளிவாச்சு, அவ்ளோதான். முன் கதவு ரெண்டுலயும் காம்பொனென்ட் ஸ்பீக்கர் (கீச்சுக்கும் பேஸுக்கும் தனித்தனியா வர்றது) போட்டு, தகரம் அதிராம இருக்க டேம்பிங் ஷீட் ஒட்டுனப்பதான் நெஜமான வித்தியாசம். முதல்லயே அதைச் செஞ்சிருந்தா செட்டை மாத்துற ஆசையே பாதி அடங்கிருக்கும்னு வீட்டுக்காரி இப்பவும் சொல்லிக் காட்டுறா. சப்வூஃபர் ஆசைப்படுறவங்களுக்கு, பிக்கப்ல டிக்கி கிடையாது, பின் சீட்டுக்கு அடில போற ஒல்லி டைப்தான் கதி.

சவுண்டுக்குத் திருகுற குமிழ் இருக்கிற மாடல்தான் வேணும்னு அடம் புடிச்சு வாங்குனேன், 17 வளைவு ஏறும்போது குலுங்குற வண்டில திரையத் தொட்டு சவுண்டு குறைக்கிறது நடக்காத காரியம். மே மாச வெயில்ல நிறுத்தி வச்சுட்டு வந்தா திரை அஞ்சு நிமிஷம் மந்தமா இருக்கும், அப்புறம் சரியாயிரும்.

செட்டை மாத்துனதுல இழந்தது ஒண்ணே ஒண்ணு: கதவு தானா பூட்டுறது, ஹெட்லைட் எவ்ளோ நேரம் எரியணும்ங்கிற செட்டிங் எல்லாம் பழைய திரைலதான் இருந்துச்சு, கழட்டுனதோட அதுவும் போச்சு. உங்க வண்டில எங்க இருக்குன்னு பாத்துட்டு, வேணுங்கிறபடி வச்சுட்டு அப்புறம் கழட்டுங்க. பழைய செட்டைத் துணில சுத்தி பரண்ல போட்டிருக்கேன், விக்கும்போது திருப்பி மாட்டணும்.

இப்ப ஒரே ஒரு தொல்லை பாக்கி. தோட்டத்துல பனி விழுற காலைல ஸ்டார்ட் பண்ணா செட்டு ஒரு தடவை அணைஞ்சு மறுபடி எரியுது, ஸ்டார்ட்டர் இழுக்கும்போது வோல்ட் இறங்குறதுனாலதான். பேட்டரிய சோதிச்சாச்சு, நல்லா இருக்கு. ஞாயித்துக்கிழமை எர்த் வயரைக் கழட்டி துருவச் சுரண்டி மாட்டிப் பாக்கணும்.