மீட்டப்: வாக்கு எண்ணி முடித்த பிறகு ஒரு டீ பார்ட்டிக் குழுவுக்கு எதற்கு ஆகும்?

டீ பார்ட்டி என்பது வரியையும் அரசுச் செலவையும் எதிர்த்து 2009-இல் அமெரிக்காவில் எழுந்த வலதுசாரி இயக்கம். அந்தப் பெயரைக் கேட்டதும் கண்முன் வருவது பெருங்கூட்டம். 2009 பிப்ரவரி 19 அன்று சிகாகோ வணிகச் சந்தைத் தளத்தில் நின்று செய்தியாளர் ரிக் சான்டெல்லி தொலைக்காட்சியில் பொரிந்து தள்ளியது, ஏப்ரல் 15 வரி நாள் கூட்டங்கள், செப்டம்பர் 12 வாஷிங்டன் ஊர்வலம். படத்துக்கு அவை போதும். ஆனால் இயக்கத்தைத் தோளில் சுமந்தவர்கள் நூலக அறையிலும் உணவகத்தின் பின்கட்டிலும் மாதம் ஒருமுறை கூடிய முப்பது நாற்பது பேர். அந்தச் சந்திப்புகள் பலவற்றுக்கு நாள் குறித்து ஆள் சேர்த்துத் தந்த இணையச் சேவை மீட்டப்.

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடலாம். தேர்தலுக்கு முந்தைய ஆறு மாதத்துக்கு இந்தச் சேவைக்கு ஐந்துக்கு நான்கு. தேர்தலுக்குப் பிந்தைய இரண்டு ஆண்டுக்கு ஐந்துக்கு இரண்டு. ஒரே பொருளுக்கு இரண்டு மதிப்பெண்ணா என்றால், ஆமாம், இரண்டும் வேறு வேறு வேலை. முன்னது புது ஆள் பிடிக்கும் வேலை. பின்னது பிடித்த ஆளைத் தக்கவைக்கும் வேலை.

மீட்டப் 2002-இல் நியூயார்க்கில் தொடங்கியது. முதலில் அதை அரசியலுக்குப் பெரிதாகப் பயன்படுத்தியவர் எதிர்முகாமான ஜனநாயகக் கட்சியின் ஹோவர்ட் டீன், 2004 அதிபர் வேட்பாளர் போட்டிக்காக. 2005 வரை இலவசம். பிறகு அமைப்பாளரிடம் மட்டும் கட்டணம் வாங்கத் தொடங்கினார்கள், உறுப்பினருக்குச் செலவில்லை. டீ பார்ட்டி எழுந்த காலத்தில் மாதக் கணக்கில் கட்டினால் 19 டாலர், மூன்று மாதத்துக்கு 45, ஆறு மாதத்துக்கு 72. இப்போது விலை இடத்துக்கு இடம், கணக்குக்குக் கணக்கு மாறுகிறது. கட்டும் முன் எந்தத் திட்டத்தில் எத்தனை உறுப்பினருக்கு இடம் என்பதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நல்லது என்ன? அஞ்சல் குறியீட்டை வைத்துத் தேடுகிறவருக்கு அருகிலுள்ள குழு தெரிகிறது. முன்பின் அறியாத ஆள் ஒரு பொத்தானை அழுத்தி வருகிறேன் என்கிறார். முந்தைய நாள் நினைவூட்டல் தானாகப் போகிறது. டீ பார்ட்டி உறுப்பினர்களில் நடுவயதைத் தாண்டியவர்களே அதிகம். அவர்களுக்கும் இது எளிதாகவே பிடிபட்டது. அறையின் கொள்ளளவைக் குறிப்பிட்டால் மிச்சப் பேர் காத்திருப்புப் பட்டியலுக்குப் போய்விடுவார்கள். சேரும்போதே கேள்வி கேட்கும் வசதியும் உண்டு. ‘எந்த பிரிசிங்ட்டில் வாக்களிக்கிறீர்கள்?’ என்ற ஒரே கேள்வியை அங்கே வைத்தால் போதும். பிரிசிங்ட் என்பது வாக்குப்பதிவுக்காகப் பிரித்த மிகச் சிறிய வட்டாரம். வாக்காளர் அட்டையை எடுத்துப் பார்க்கத் தெரிந்தவர் யார், வேடிக்கை பார்க்க வந்தவர் யார் என்பது அங்கேயே பிரிந்துவிடும்.

இனிக் கோளாறுக்கு வருவோம். மீட்டப்பில் நூற்றைம்பது உறுப்பினர் வைத்திருக்கும் அமைப்பாளரிடம் உண்மையில் எத்தனை மின்னஞ்சல் முகவரி இருக்கிறது? ஒன்றுகூட இல்லை. உறுப்பினர் பட்டியலைத் தரவிறக்கலாம். பெயர், சேர்ந்த நாள், கடைசியாக எட்டிப் பார்த்த நாள் எல்லாம் கோப்பில் வரும். முகவரி வராது. செய்தி அனுப்ப வேண்டுமானால் தளத்தின் வழியாகத்தான் அனுப்ப வேண்டும். உறுப்பினர் அறிவிப்புகளை அணைத்துவிட்டால் அந்தச் செய்தி அவரைச் சேராது; சேரவில்லை என்பது அனுப்பியவருக்கும் தெரியாது. தேர்தல் சூட்டில் இது உறைக்காது, எல்லோரும் தாமாகவே தளத்துக்கு வந்து போவார்கள். நவம்பர் இரண்டாவது வாரத்திலிருந்து உறைக்கும்.

அதைவிட மோசமான ஓட்டை ஒன்று உண்டு. அமைப்பாளர் களைத்துப்போய்ச் சந்தாவை நிறுத்தினால் தளம் உறுப்பினர்கள் எல்லோருக்கும் அறிவிப்பு அனுப்பும்: இந்தக் குழுவை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்? சில நாள் அவகாசத்தில் யாரும் வராவிட்டால் குழு மூடப்படும். யாராவது பணம் கட்டினால் குழு அவருடையது. வேவு பார்க்கச் சேர்ந்த எதிரணிக்காரராகக்கூட இருக்கலாம். இரண்டு ஆண்டு உழைத்துச் சேர்த்த கூட்டத்தை ஒருவர் ஒரு சந்தாப் பணத்துக்கு வாங்கிக்கொண்டு போகலாம். தேர்தலில் தோற்ற குழுக்களுக்கே இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் களைப்பு அங்கேதான் முதலில் வரும். விலகுகிற அமைப்பாளர் சந்தா முடிவதற்கு முன்பே துணை அமைப்பாளர் ஒருவரிடம் பொறுப்பை மாற்றிவிட வேண்டும். சந்தா எந்த அட்டையிலிருந்து கழிகிறது, எந்த நாளில் புதுப்பிக்கப்படுகிறது என்ற இரண்டையும் குறைந்தது மூன்று பேர் அறிந்திருக்க வேண்டும்.

இதற்கெல்லாம் மருந்து மலிவு: ஒரு தாள், ஒரு பேனா. வாசலில் கையெழுத்துத் தாள் வைக்க வேண்டும். பெயர், மின்னஞ்சல், தொலைபேசி, அஞ்சல் குறியீடு, பிரிசிங்ட் எண் என ஐந்து கட்டம். ஆறாவது கட்டம் வைத்தால் வரிசை நின்றுவிடும். தாளை மேசையில் போட்டுவிட்டு நகர்ந்தால் பாதிப்பேர் தாண்டிப் போவார்கள், ஆகவே பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். அன்றிரவே ஒருவர் விரிதாளில் ஏற்ற வேண்டும். ஒரு வாரம் போட்டு வைத்தால் கிறுக்கல் முகவரிகளை யாராலும் படிக்க முடியாது. விரிதாளின் நகல் இரண்டு வெவ்வேறு வீடுகளில் இருக்கட்டும். பிறகு அதை மாநில அரசு தரும் வாக்காளர் பட்டியல் கோப்போடு பொருத்திப் பார்க்கலாம். ஒஹாயோவிலும் வட கரோலைனாவிலும் அந்தக் கோப்பைக் கட்டணமில்லாமல் இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ளலாம்; வேறு சில மாநிலங்களில் காசு கேட்பார்கள், படிவம் கேட்பார்கள்.

அடுத்தவர் தளத்தில் பட்டியலை வைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, குழுக்களுக்கு வலைத்தளம் அமைத்துத் தந்த நிங் என்ற சேவை நல்ல பாடம். பல டீ பார்ட்டிக் குழுக்கள் தொடக்கத்தில் நிங்கில் இலவச வலைத்தளம் அமைத்தன. 2010 ஏப்ரலில் நிறுவனம் இலவசச் சேவையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. சின்னத் திட்டம் மாதம் 2.95 டாலர், நடுத்தரம் 19.95, பெரியது 49.95. தொகை பெரிதில்லை; ஆனால் அதிபர் பதவிக்காலத்தின் இடையில் வரும் நாடாளுமன்றத் தேர்தல் ஆண்டின் நடுவில் கட்டுவதா, பெயர்வதா என்று குழுக்கள் தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டியிருந்தது.

மீட்டப்பும் சும்மா இருக்கவில்லை. 2017 பிப்ரவரியில், டிரம்ப் பதவியேற்ற சில வாரங்களில், நிறுவனமே முன்னின்று எதிர்ப்பியக்கத்துக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழுக்களைத் தொடங்கிவைத்தது. வலதுசாரிகளிடமிருந்து புறக்கணிப்புக் குரல் எழுந்தது. 2017 இறுதியில் மீட்டப்பை வீவொர்க் என்ற அலுவலக வாடகை நிறுவனம் வாங்கியது. 2019 அக்டோபரில் கூட்டத்துக்கு வருகிறவரிடமே 2 டாலர் வாங்கும் சோதனை நடந்து, அமைப்பாளர்கள் கொதித்தார்கள். 2020-இல் கை மாறியது. 2024-இல் பெண்டிங் ஸ்பூன்ஸ் என்ற இத்தாலிய நிறுவனத்திடம் போனது. நிறுவனத்தின் அரசியல் சாய்வைக் குறைசொல்வதில் பொருளில்லை, அது அவர்கள் உரிமை. ஏழு ஆண்டுக்குள் மூன்று முறை கை மாறிய கடையில் பத்தாண்டுக் கணக்கை வைக்கலாமா என்பதுதான் கேள்வி. இயக்கத்தின் சொந்த வீடுகளும் அப்படியொன்றும் உறுதியாக இல்லை: டீ பார்ட்டிக்குப் பயிற்சியும் பேருந்தும் தந்த ஃபிரீடம்வொர்க்ஸ் என்ற அமைப்பு 2024 மே மாதம் மூடப்பட்டது.

சரி, பட்டியலுக்கு ஏன் இவ்வளவு அழுத்தம்? தேர்தலுக்குப் பிறகு இந்த இயக்கம் வென்ற இடங்களைப் பாருங்கள். யூட்டாவில் 2010 மார்ச் 23 அன்று குடியரசுக் கட்சியின் அக்கம்பக்கத்துக் கூட்டங்களில் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அப்படித் தேர்வான சுமார் 3,500 பேர் மே 8 கட்சி மாநாட்டில் கூடி, மூன்று முறை செனட்டராக இருந்த பாப் பென்னட்டை இரண்டாவது சுற்றிலேயே வெளியேற்றினார்கள். மைக் லீ செனட்டராக வந்தது அந்த வழியாக. வர்ஜீனியா இன்னும் தெளிவு. 2012 அதிபர் தேர்தல் தோல்விக்குப் பிறகு டீ பார்ட்டி செத்தது என்று பலர் எழுதிக்கொண்டிருந்தபோது, 7-ஆவது தொகுதி ஆர்வலர்கள் உள்ளூர்க் கட்சிக் கூட்டங்களில் உட்கார்ந்திருந்தார்கள். 2014 மே மாதம் தொகுதி மாநாட்டில் எரிக் கேன்டரின் ஆள் தலைவர் பதவியை இழந்தார். ஜூன் 10 அன்று, கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் தேர்தலில், கீழவையின் பெரும்பான்மைத் தலைவரான கேன்டரே டேவ் பிராட் என்ற பொருளியல் பேராசிரியரிடம் தோற்றார். கேன்டர் தரப்பின் செலவு 50 லட்சம் டாலருக்கு மேல். பிராட் செலவிட்டது சுமார் 2 லட்சம். பணத்தால் விளக்க முடியாத முடிவு இது. செவ்வாய் இரவு எத்தனை பேர் அறைக்கு வருவார்கள் என்பதை முன்கூட்டியே அறிந்தவர்கள் பக்கம் போன முடிவு.

எல்லாக் குழுக்களும் இப்படி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2010 அக்டோபரில் வாஷிங்டன் போஸ்ட் நாடு முழுக்கத் தேடி 1,400-க்கும் மேற்பட்ட பெயர்களைச் சேகரித்தது. அவற்றில் 647 குழுக்களைத்தான் தொடர்புகொண்டு உறுதிசெய்ய முடிந்தது. அவற்றில் ஏறக்குறையப் பாதிக் குழுக்களில் 50 உறுப்பினர்கூட இல்லை. பலவும் அந்த ஆண்டு எந்தப் பிரசாரத்திலும் இறங்கியிருக்கவில்லை. அடுத்த மாதம் குடியரசுக் கட்சி கீழவையில் 63 இடங்களைக் கூடுதலாகப் பிடித்தபோது அந்தக் காகிதக் குழுக்களும் வெற்றியில் பங்கு கேட்டன. மீட்டப்பின் உறுப்பினர் எண்ணிக்கையும் இதே மாதிரிப் பொய்தான்: சேர்ந்தவர் யாரும் தாமாக விலகுவதில்லை, எண் ஏறிக்கொண்டே போகும். ஆறு மாதத்தில் ஒருமுறைகூடத் தலைகாட்டாதவரைக் கழித்துவிட்டு மிஞ்சுவதுதான் குழுவின் அளவு.

பணம் சேர்க்க மீட்டப் சரிப்படாது. அதற்கு 2019-இல் வந்த வின்ரெட் என்ற குடியரசுக் கட்சிக்கான இணையக் கொடைச் சேவை இருக்கிறதே என்பார்கள். தொடக்கத்தில் கட்டணம் 3.8 விழுக்காடும் ஒவ்வொரு கொடைக்கும் 30 சென்ட்டும். 10 டாலர் கொடையில் 68 சென்ட் போய்விடும். வேட்பாளர்களையும் அரசியல் கமிட்டிகளையும் மனத்தில் வைத்துக் கட்டிய சேவை அது. கொடையாளர் பட்டியல் வேட்பாளர் கைக்குப் போகும், உள்ளூர்க் குழுவுக்கு ஒன்றும் தங்காது. 2020-இல் டிரம்ப் தரப்புப் பக்கங்களில் மறு கொடைக்கான கட்டம் முன்கூட்டியே டிக் செய்யப்பட்டிருந்தது. கவனிக்காதவர்களிடம் வாராவாரம் கழிந்தது. அந்த ஆண்டு அத்தரப்பு திருப்பிக் கொடுத்த தொகை 12 கோடி டாலரைத் தாண்டியது. மூத்தோர் நிறைந்த குழுவில் தேர்தல் முடிந்த மாதம் முதல் வேலையாக எல்லோரையும் அட்டைக் கணக்கைப் பார்க்கச் சொல்வது நல்லது.

குழுவுக்கென்று வங்கிக் கணக்கு வேண்டுமென்றால் வருமான வரித்துறையிடம் அடையாள எண் வாங்க வேண்டும். அது இலவசம், காசு கேட்கும் இடைத்தரகர் தளங்களை நம்ப வேண்டாம். 501(சி)(4) எனப்படும் வரிவிலக்குள்ள சமூகநல அமைப்பாக இயங்குவதானால் தொடங்கி 60 நாளுக்குள் வரித்துறைக்கு 8976 என்ற அறிவிப்புப் படிவமும் 50 டாலரும் தர வேண்டும். ஆண்டு வரவு பொதுவாக 50,000 டாலருக்குள் இருந்தால் ஆண்டுதோறும் வரித்துறைக்கு 990-என் என்ற மின் அஞ்சலட்டை அனுப்பினால் போதும். தேர்தல் இல்லாத ஆண்டில் அதை மறந்துபோகிறார்கள்; தொடர்ந்து மூன்று ஆண்டு மறந்தால் வரிவிலக்குத் தகுதி தானாகப் பறிபோகும்.

8976 படிவத்துக்கு முந்தைய காலத்தில் இந்த வரிவிலக்கு வாங்குவது பெரும் தலைவலி. பெயரில் டீ பார்ட்டி, பேட்ரியட் போன்ற சொற்கள் இருந்த விண்ணப்பங்களை வரித்துறை தனியே எடுத்து வைத்ததாக, அத்துறையைக் கண்காணிக்கும் அரசு அலுவலகம் 2013 மே அறிக்கையில் சொன்னது. 2012 டிசம்பர் நிலவரப்படி பார்த்த 296 விண்ணப்பங்களில் 160 முடிவாகாமல் கிடந்தன. சில 1,138 நாள். இடதுசாரிப் பெயர்களும் அப்படிப் பொறுக்கப்பட்டன என்று 2017-இல் மற்றோர் அறிக்கை வந்தது. விண்ணப்பித்த குழுக்களிடம் வலைப்பக்க நகல்களையும் கேட்டார்கள். கூட்ட அறிவிப்பு, பேச்சாளர் பெயர், வந்தவர் எண்ணிக்கை ஆகியவற்றை மாதாமாதம் அச்செடுத்துக் கோப்பில் வைக்க அதுவே போதிய காரணம்.

மீட்டப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. வாசல் பலகையாக அது இருக்கட்டும். தோற்ற ஆண்டின் டிசம்பரில் ஆறு மாதத் திட்டத்தைப் புதுப்பித்து, ஜனவரி கூட்டத்துக்குக் கவுன்ட்டியின், அதாவது மாவட்ட நிர்வாகத்தின், நிதிநிலை அறிக்கையை நிகழ்ச்சியாகப் போடலாம். அதற்கு முன்பே கவுன்ட்டி கட்சி அலுவலகத்துக்கு எழுதி, காலியாக உள்ள பிரிசிங்ட் மட்டக் கட்சிப் பதவிகள் எவை, யார் எந்தத் தேதியில் நிரப்புகிறார்கள் என்று கேட்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் முறை வேறு: சில இடங்களில் கட்சிக்கான முதற்கட்டத் தேர்தலில் (பிரைமரி) போட்டியிட வேண்டும், சில இடங்களில் தலைவர் நியமித்துவிடுவார். பதில் வந்ததும் விரிதாளைத் திறந்து, அந்தந்த பிரிசிங்ட் எண்ணுக்கு நேராக யார் பெயர் இருக்கிறது என்று பார்த்து, அவர்களை மின்னஞ்சலில் கூப்பிடாமல் தொலைபேசியில் கூப்பிட வேண்டும்.