கால்ல அடைப்புக்கு ஸ்டெம் செல் ஊசி: நம்ம செல்லா, டோனர் செல்லா?

பர்ஜர் நோய்னு ஒண்ணு, பீடி சிகரெட் விடாம இழுக்கறவங்களுக்கு, பெரும்பாலும் 45 வயசுக்குள்ளயே, கை கால்ல இருக்கற சின்ன ரத்தக்குழாய் வீங்கி அடைச்சுக்கும், ராத்திரி கட்டில்ல இருந்து காலைத் தொங்கப் போட்டாத்தான் வலி கொஞ்சம் அடங்கும், அப்புறம் விரல் நுனி கறுக்க ஆரம்பிக்கும். பைபாஸ் பண்ணலாம்னா பல பேருக்கு கீழ கொண்டுபோய் தைக்க உருப்படியா ஒரு குழாய் இருக்காது. அப்பதான் இந்த ஸ்டெம் செல் (வேற வேற செல்லா மாறக்கூடிய மூலச் செல்) ஊசிப் பேச்சு வரும், நம்ம உடம்புல இருந்தே எடுத்த செல்லா, இல்ல டோனர், அதாவது வேற ஆள் கொடுத்த செல்லான்னு. பீடியை விடலைன்னா ரெண்டுமே வேஸ்ட், அது தனிக்கதை.

நம்ம செல்லுன்னா எலும்பு மஜ்ஜை எடுக்கணும். 2002ல ஜப்பான்காரங்க பண்ணினது இதான், மயக்க மருந்து கொடுத்து சுமார் 500 மில்லி உறிஞ்சி, செல்லைப் பிரிச்சு, கெண்டைக்கால் சதையில 40 இடத்துல குத்தினாங்க. ஏற்கெனவே நொந்து போன ஆளுக்கு இது சும்மா இல்ல. உடம்பு ஒதுக்காதுங்கறது பெரிய ப்ளஸ், ஆனா வயசு, சுகர்னு இருந்தா அந்த செல்லே டயர்டாத்தான் இருக்கும்.

டோனர் செல்லுக்கு நம்ம ஊர் உதாரணம் பெங்களூர் கம்பெனியோட ஸ்டெம்பியூசெல், 2016ல பர்ஜர் நோய்க்கு கண்டிஷனோட அனுமதி கிடைச்சுது. பல டோனர்களோட மஜ்ஜை செல்லை லேப்ல வளர்த்து கலந்து ஃப்ரீசர்ல வச்சிருப்பாங்க, கிலோவுக்கு 20 லட்சம் செல், அதாவது 60 கிலோ ஆளுக்கு 12 கோடி. நோயாளியைக் குடைய வேண்டியதில்லை, சௌகரியத்துல இதுதான் முன்னாடி.

ஆதாரம்னு பாத்தா ரெண்டும் கொஞ்சம் இழுவைதான். நெதர்லாந்துல 160 பேரை வச்சு, யாருக்கு எதுன்னு தெரியக்கூடாதுன்னு எல்லார்கிட்டயும் மஜ்ஜை எடுத்து, பாதிப் பேருக்கு மட்டும் அவங்கவங்க செல்லை தொடை ரத்தக்குழாய்ல விட்டாங்க. 2015ல ரிசல்ட்: கால் எடுக்கறது குறையவே இல்ல, டம்மி ஊசி வாங்கினவங்களுக்கும் வலி குறைஞ்சுது! அங்க செல் போனது குழாய்க்குள்ள, சதைக்குள்ள இல்லங்கறதையும் சொல்லணும். ஸ்டெம்பியூசெல்லோட 90 பேர் ட்ரயல்ல புண் ஆறினது, வலி குறைஞ்சது எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அது ஓப்பன் ட்ரயல், ஊசி வாங்கறோமா இல்லையான்னு எல்லாருக்கும் தெரியும், வலி விஷயத்துல அது ரொம்ப முக்கியம்.

இன்னொண்ணு, எந்த செல்லும் அங்க போய் தானே குழாயா மாறி நிக்கறதில்ல, பெரும்பாலும் சிக்னல் புரதங்களைக் கசிய விட்டு பக்கத்துக் குட்டிக் குழாய்களைத் தூண்டுது, அவ்ளோதான்.

என்னைக் கேட்டா பர்ஜர்னா டோனர் செல்லுக்கே ஓட்டு. சுகர், கொழுப்பு அடைப்பா இருந்து பைபாஸுக்கு எடுத்துத் தைக்க தொடையில நல்ல வெயினும் இருந்தா ஊசியை விட்டுட்டு பைபாஸ் பண்ற சர்ஜனைப் பாக்கறதுதான் சரி.