கறுப்பு ரப்பரா, ஆண்டுதோறும் மெழுகா? புதுக் காரின் துருவுக்கு நான் தேர்ந்த வழி

புதுக் கார் வாங்கி ஏழாவது மாதம். பஞ்சரான பின் சக்கரத்தைக் கழற்றிய இடைவெளியில் உள்ளே எட்டிப் பார்த்தேன். சப்ஃபிரேமின், அதாவது அடியில் சஸ்பென்ஷனைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின், வெல்டிங் தையல் நெடுகச் செம்பழுப்பாகத் துரு பூத்திருந்தது. விரலால் தேய்த்தேன், பொடி ஒட்டிக்கொண்டது. மேலே பெயிண்ட் இன்னும் முகம் பார்க்கும் அளவுக்குப் பளபளப்பாக இருந்தது. கடன் தவணையில் கால்வாசிகூட முடியாத வண்டிக்கு அடியில் இந்தக் கோலத்தைக் கண்டபோது வயிற்றைப் பிசைந்தது.

சர்வீஸ் சென்டரில் காட்டினேன். "மேலோட்டமான துருதான் சார், எல்லா வண்டியிலும் வரும்" என்றார்கள். அந்தப் பதிலில் பாதி உண்மை. காரின் பாடியை வண்ணத் தொட்டியில் முழுவதுமாக முக்கி, மின்சாரம் செலுத்திப் பூசும் முதல் பூச்சு ஏறத்தாழ 20 மைக்ரான் தடிமன்தான். கூரான விளிம்புகளில் அது சூளையில் வேகும்போது பின்வாங்கி இன்னும் மெலிந்துவிடும். வெல்டிங் தையலில் படிந்த கசடின் மீது பெயிண்ட் பிடிப்பதே இல்லை. ஆகவே துரு முதலில் தையலிலும் விளிம்பிலும் போல்ட் தலையிலும்தான் எட்டிப் பார்க்கும். "எல்லா வண்டியிலும் வரும்" என்பதை ஒப்புக்கொள்கிறேன். "ஆகவே விட்டுவிடுங்கள்" என்பதைத்தான் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பொருட்படுத்த வேண்டாத துருவை முதலில் ஒதுக்கிவிடலாம். மழை இரவுக்குப் பின் பிரேக் டிஸ்க்கில் தெரியும் ஆரஞ்சுப் படலம் வார்ப்பிரும்பின் இயல்பு. நாலைந்து முறை பிரேக் மிதித்தால் போய்விடும். சைலன்சர் குழாய் பழுப்பேறுவதும் அப்படியே. பெரும்பாலும் அது குரோமியம் 11 சதவீதத்தை ஒட்டி இருக்கும் மலிவு வகைத் துருப்பிடிக்கா எஃகு. நிறம் கெடும், சீக்கிரம் ஓட்டை விழாது. வெள்ளைக் காரில் ஊசிமுனை அளவில் தெரியும் ஆரஞ்சுப் புள்ளிகள் வெளியிலிருந்து வந்து ஒட்டிய இரும்புத் துகள்கள். இரும்பு நீக்கித் திரவம் தெளித்தால் ஊதாவாகிக் கழுவிக்கொண்டு போகும். கவலைப்பட வேண்டியது அடிப்பகுதிக்கும் பெட்டிபோல் மூடிய உட்குழிகளுக்கும்தான்.

அங்கே வந்த துருவை என்ன செய்வது என்று விசாரித்தபோது என் முன் நான்கு வழிகள் இருந்தன: வாரண்டியை நம்பிச் சும்மா இருப்பது, மின்னணுத் துருத் தடுப்புக் கருவி மாட்டுவது, கறுப்பு ரப்பர் கோட்டிங் அடிப்பது, எண்ணெய் அல்லது மெழுகை ஆண்டுதோறும் பூசுவது. நான் மெழுகுப் பக்கம். என் முந்தைய கார் ரப்பர் பூச்சில் வாழ்ந்து அழிந்தது. இந்தக் கார் மூன்று ஆண்டுகளாக மெழுகில் ஓடுகிறது. அந்த அனுபவத்தை வைத்துத்தான் பேசுகிறேன்.

வாரண்டிப் புத்தகத்தைத் திறந்தால் 12 ஆண்டு என்று பெரிய எண் தெரியலாம். அடுத்த வரியையும் படியுங்கள். பெரும்பாலான நிறுவனங்களின் நீண்டகாலத் துரு வாரண்டி, பாடித் தகடு உள்ளிருந்து வெளியே அரித்து ஓட்டை விழுந்தால் மட்டுமே செல்லும். மேல்துருவுக்கு வேறு, குறுகிய காலக்கெடு. சப்ஃபிரேம், சஸ்பென்ஷன் கைகள், சைலன்சர் ஆகியவை பெரும்பாலும் அந்தப் பட்டியலிலேயே இருக்காது. நான் பார்த்த துரு சரியாக அந்த இடைவெளியில் விழுந்தது. பாடித் தகடு விஷயத்தில் தொழில் வெகுதூரம் முன்னேறியிருக்கிறது என்பதை மறுக்கவில்லை. 1986-இல் வந்த ஆடி (Audi) 80 கார் முழு பாடிக்கும் துத்தநாகம் பூசி வந்தது, இன்று அது சாதாரணம். ஆனால் அடியில் தொங்கும் உருப்படிகள் தனியாகச் செய்து, தனியாகப் பெயிண்ட் அடித்து மாட்டப்படுபவை. சேஸிஸ் அரிப்பு எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு டொயோட்டா டகோமாவே சான்று. 1995 முதல் 2000 வரையிலான அந்த பிக்கப் வண்டிகளுக்கு 2008-இல் அமெரிக்காவில் சேஸிஸ் வாரண்டியை 15 ஆண்டுக்கு நீட்டி, மோசமாக அரித்தவற்றை நிறுவனமே திரும்ப வாங்கிக்கொண்டது. அப்படி ஒரு தீர்வு எல்லா வண்டிக்கும் கிடைக்காது. சும்மா இருப்பது என்றாலும் ஒன்று செய்யுங்கள்: துருவைத் தேதியோடு படமெடுத்து, சர்வீஸ் சீட்டில் எழுத்தில் பதியச் சொல்லுங்கள்.

மின்னணுக் கருவியைப் பற்றி நீட்டத் தேவையில்லை. மின்னோட்டத்தாலோ, தான் முதலில் அரிந்து பலியாகும் இன்னொரு உலோகத்தாலோ துருவைத் தடுக்கும் அறிவியல் உண்மையானது. ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி 1824-இலேயே கப்பலின் செப்புத் தகட்டில் துத்தநாகமும் இரும்பும் பொருத்திக் காட்டினார். கப்பல்களும் புதைகுழாய்களும் இன்றும் அந்த முறையில்தான் காக்கப்படுகின்றன. ஆனால் கப்பலைக் கடல் சூழ்ந்திருக்கிறது, குழாயை ஈரமண் சூழ்ந்திருக்கிறது. மின்சுற்று முழுமையாக அந்தத் தொடர்ச்சியான ஈரம் வேண்டும். காரைச் சூழ்ந்திருப்பது காற்று. அங்கொரு துளி, இங்கொரு துளி நீர். பேட்டரியில் மாட்டும் சின்னப் பெட்டி எந்த வழியாக மூலைத் தையலைக் காக்கும்? 1990-களின் நடுவில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் இத்தகைய கருவி ஒன்றின் விளம்பரத்தின் மீது நடவடிக்கை எடுத்தது. நான் இதை வாங்கவில்லை, நண்பர்களையும் வாங்கவிடவில்லை.

இனி ரப்பர் கோட்டிங். இதன் கவர்ச்சி எனக்குப் புரிகிறது. காலையில் வண்டியை விட்டால் மாலையில் அடிப்பாகம் முழுக்கக் கரிய, தடித்த, புதுத்தோல் போர்த்தியதுபோல் திரும்பி வரும். ஒரே முறை செலவு. கல் தெறிப்பைத் தாங்கும், சாலை இரைச்சலையும் சற்றுக் குறைக்கும். துருவே இல்லாத, கழுவிக் காய்ந்த, சுத்தமான உலோகத்தில் கைதேர்ந்தவர் அடித்தால் நல்ல பூச்சுதான். சக்கர வளைவுக்குள் கல்லும் நீரும் நேராக அறையும் இடத்தில் இதற்கு இணையாக மெழுகு நிற்காது. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சிக்கல் பின்னால் வருகிறது. தாரும் ரப்பரும் கலந்த அந்தத் தோல் ஆண்டுகள் போகப் போக நெகிழ்வை இழக்கிறது. ஜாக்கி வைத்த இடம், போல்ட்டைக் கழற்றி மாட்டிய இடம், இரண்டு தகடுகள் சேரும் தையல் என எங்கோ மயிரிழை அளவுக்கு வெடிக்கிறது. அந்த வெடிப்பில் நீர் உறிஞ்சி ஏறுகிறது. ஏறிய நீர் வெளியே வர வழியில்லை. திறந்த உலோகமாக இருந்தால் ஓரிரு மணி நேரத்தில் காய்ந்திருக்கும் ஈரம், பூச்சுக்கும் இரும்புக்கும் நடுவே வாரக்கணக்கில் தங்கிவிடுகிறது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் கறுப்பு, எல்லாம் நலம்.

என் பழைய காருக்கு நேர்ந்தது இதுதான். இரண்டாம் ஆண்டில், லேசான துரு தொடங்கிய பிறகு, மேலே பூசி மூடினேன். அடுத்த நான்கு ஆண்டுகள் ஒவ்வொரு சர்வீஸிலும் அடியில் குனிந்து பார்த்தேன். கறுப்பாக, ஒழுங்காக இருந்தது. ஆறாம் ஆண்டில் வேறொரு வேலைக்காக மெக்கானிக் பின் சேஸிஸ் சட்டத்தை ஸ்க்ரூடிரைவரால் அழுத்தினார். பூச்சு உள்வாங்கியது, முனை கைப்பிடிவரை போயிற்று. உள்ளே இரும்பு இருந்த இடத்தில் அடுக்கடுக்கான பழுப்புச் சில்லுதான் இருந்தது. துரு, அது தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் அடைக்கும். அந்தப் பருமனே பூச்சை உள்ளிருந்து தாங்கிப் பிடித்து நல்ல உலோகம்போல் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நான்கு ஆண்டுகள் குனிந்து பார்த்தும் நான் எதையும் பார்க்கவில்லை.

புதுக் காருக்கு வழி தேடியபோது ஒரே கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டேன்: ஐந்து ஆண்டு கழித்து இந்தப் பூச்சின் வழியாக இரும்பு எனக்குத் தெரியுமா? எது அதிக நாள் உழைக்கும் என்பதைவிட இது முக்கியம் என்று நினைக்கிறேன். எந்தப் பூச்சும் எங்காவது தோற்கும். தோற்ற இடம் கண்ணில் பட்டால் ஒரு தூரிகையோடு முடிந்துபோகும். படாவிட்டால் வெல்டிங் பட்டறைவரை போகும்.

மெழுகும் லானோலினும் அந்தக் கேள்வியில் வெல்கின்றன. லானோலின் என்பது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கும் கொழுப்பு. முழுக்கக் காய்ந்து இறுகாமல் பிசுபிசுப்பாகவே இருக்கும். இறுகாததால் வெடிப்பதில்லை. தையலுக்குள் ஊர்ந்து போய், அங்கிருக்கும் ஈரத்தைத் தள்ளிவிட்டு இடம் பிடிக்கும். சிறு கீறல் விழுந்தால் சுற்றியிருப்பது மெல்ல நகர்ந்து ஓரளவு மூடிக்கொள்ளும். தேன் நிறத்தில் ஒளி ஊடுருவும் படலம் என்பதால் அடியில் புதுத்துரு கிளம்பினால் டார்ச் வெளிச்சத்தில் உடனே தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் குனிந்து பார்க்கிறேன். இந்த முறை பார்ப்பது உண்மையிலேயே பார்ப்பது.

குறைகளை மறைக்க விரும்பவில்லை. பூசிய முதல் சில நாட்கள் வண்டி நின்ற தரையில் எண்ணெய்த் துளிகள் விழும். லானோலின் என்றால் நனைந்த ஆட்டு வாடை, வெயில் நேரத்தில் வண்டிக்குள்ளும் எட்டும். புழுதி அப்பிக்கொள்ளும், அடியில் வேலை செய்யும் மெக்கானிக் முகம் சுளிப்பார். பெட்ரோலிய எண்ணெய் கலந்தவை கதவு ஓர ரப்பரை ஊதிப் பெருக்கச் செய்யும், ஆகவே ரப்பர் புஷ்களையும் சீல்களையும் தவிர்த்துப் பூச வேண்டும். பிரேக் டிஸ்க்கையும் பேடையும் மூடிக் கட்டாமல் தெளிப்பது ஆபத்து. எல்லாவற்றையும்விட, ஆண்டுக்கு ஒருமுறை மறுபடி பூச வேண்டும். அந்த ஒழுக்கம் வராது என்று தெரிந்தவருக்கு நான் இதைச் சொல்ல மாட்டேன். இரண்டு ஆண்டு மறந்துபோன மெழுகைவிட, துருவில்லாத புது உலோகத்தில் ஒழுங்காக அடித்த ரப்பரே மேல். என் அனுபவம் மூன்றே ஆண்டு என்பதையும் கணக்கில் வையுங்கள். பனிக்காலத்தில் சாலையெங்கும் உப்பு கொட்டும் நாட்டில் நான் வண்டி ஓட்டியதில்லை. அங்கே ஆண்டுக்கு ஒரு பூச்சு போதுமா என்று என் வாயால் உறுதி சொல்ல முடியாது.

உப்பு என்றதும் ஒன்று. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தொட்டால்தான் நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். பனிச் சாலைகளில் தெளிக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு ஏறத்தாழ 33 சதவீதமே போதும். அதாவது நமக்கு உலர்ந்ததாகத் தோன்றும் காற்றிலும் அது ஈரமாகவே இருந்து இரும்பைத் தின்னும். கடற்கரை ஆனாலும் பனிநாடு ஆனாலும், பூச்சு எதுவாக இருந்தாலும், அடிப்பாகத்தை நல்ல நீரால் கழுவுவதை விட்டுவிட முடியாது.

மறுவிற்பனை பற்றிப் பலர் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன்: பழைய வண்டியில் புத்தம்புதுக் கறுப்புப் பூச்சைப் பார்த்தால் விவரம் தெரிந்த ஆள் சுத்தியலைக் கேட்பார். மெழுகுக்கு அடியில் இரும்பு தெரிவதால் பேரம் பேசவாவது இடம் இருக்கும்.

நான் செய்த முறை இது. அடியை அழுத்த நீரால் கழுவி, ஒரு முழு நாள் காயவிட்டேன். உதிரும் துருவை வயர் பிரஷ்ஷால் தேய்த்தேன். பிடிவாதமாக நின்ற புள்ளிகளில் டானிக் அமிலம் கலந்த துரு மாற்றியைத் தடவினேன். பழுப்பு கறுப்பாக மாறி நின்றது. அதற்குப் பிறகு உட்குழிகளில், நான்கு பக்கமும் தெளிக்கும் நீள மூக்குக் குழாயை ஏற்கெனவே இருக்கும் துளைகளின் வழியாகவே விட்டு மெல்லிய எண்ணெய் தெளித்தோம். புதுத் துளை போட வேண்டும் என்று பூச்சுக்காரர் சொன்னால் சம்மதிக்காதீர்கள். வாரண்டிக்கு அது உலை. வெளிப்புறத்தில் தடித்த மெழுகு. கதவுகளின் அடியிலும் பக்கவாட்டு சட்டத்திலும் இருக்கும் வடிகால் துளைகளைக் கடைசியில் ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட்டேன். அவை அடைபட்டால் கதவுக்குள் நீர் தேங்கிச் செய்த வேலை முழுவதும் வீண். சக்கர வளைவுகளில் மட்டும் ரப்பர் வகைப் பூச்சையே அடிக்கச் சொன்னேன்.

மூன்று ஆண்டில் சப்ஃபிரேம் தையல் அன்று மாற்றியபோது இருந்த கறுப்பிலேயே நிற்கிறது. ஜாக்கி வைக்கும் வலப்பக்க விளிம்பில் மட்டும் ஒவ்வொரு முறையும் மெழுகு நசுங்கி ஒரு விரல் நீளத்துக்குப் பழுப்பு எட்டிப் பார்க்கிறது. சென்ற வாரம் டார்ச் அடித்தபோதும் பார்த்தேன். பிரஷ், துணி, சிறு டப்பாவில் மிஞ்சிய மெழுகு. கால் மணி நேர வேலை.